பாகற்காய் சாப்பிட்டால் இனிப்பு நீர் குறையுமா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயிலில் பார்த்தவர் என்று எல்லாரும் பாகற்காயைச் சிபாரிசு செய்துவிடுவார்கள். பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடி என்பார் ஒருவர். விதையோடு காயவைத்துப் பொடி பண்ணிக்கொள் என்பார் இன்னொருவர். "கசப்பு உள்ளே போனால் இனிப்பு தானாக முறிஞ்சிடும்" என்பதுதான் எல்லாருடைய வாதமும். அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாகற்காயை வெல்லம் போட்டுக் குழம்பு வைத்து, மலைபோல் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நான்தான் தினமும் பாகற்காய் சாப்பிடுறேனே, அப்புறம் ஏன் சீனி ஏறுது?" என்று கேட்பவர்களும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 2019இல் நாடு முழுக்க எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, மேடு பள்ளம் ஏறி இறங்கி, வாளி சுமந்த தலைமுறை சாப்பிட்ட அளவுச் சோற்றை, பேருந்தில் போய்த் தொழிற்சாலையில் நின்ற இடத்தில் வேலை செய்யும் தலைமுறையும் சாப்பிடுகிறது. உழைப்பு போய்விட்டது, தட்டின் அளவு மட்டும் போகவில்லை. அதனால் பாகற்காய் உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சர்க்கரை ஏன் ரத்தத்தில் தேங்குகிறது?

செம்பனை ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லோரி லோரியாகக் குலைகள் வருகின்றன. கேட்டில் நிற்கும் ஜாகா, அதாவது காவலாளி, கதவைத் திறந்துவிட்டால் லோரி உள்ளே போகும், குலை வேகும், எண்ணெய் கிடைக்கும். கேட் துருப்பிடித்து ஜாகா எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் திறக்கிறது என்றால்? லோரிகள் சாலையிலேயே வரிசை கட்டி நிற்கும். வெளியே நெரிசல், உள்ளே வேலைக்குக் குலை இல்லை.

நம் உடம்பிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. சோறு, ரொட்டி சானாய், மீ, கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து சிறுகுடலில் உடைந்து குளுக்கோஸ் என்ற எளிய சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதுதான் லோரியில் வரும் குலை. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம், இன்சுலின் என்ற சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே வாங்கிக்கொள்ளச் சொல்வது அதன் வேலை, ஆகவே அதுதான் ஜாகா. பெரியவர்களுக்கு அதிகமாக வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் வந்து சொன்னாலும் உடம்பு சரியாகக் கேட்பதில்லை. இதற்குப் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் ஈடுகட்டுவதற்காகக் கூடுதலாகச் சுரந்து சுரந்து, நாளாக ஆக அதுவும் ஓய்ந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அளவோடு வைத்திருப்பதும் இன்சுலின்தான். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோவதால்தான், "ராத்திரி ஒன்றுமே சாப்பிடலயே, காலையில எப்படி 9 காட்டுது?" என்ற கேள்வி வருகிறது. கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை முக்கியமாகக் கல்லீரலின் இந்தக் கூடுதல் உற்பத்தியைத்தான் குறைக்கிறது.

சுருக்கமாக, பிரச்சினை நாக்கில் படும் இனிப்பு இல்லை. ரத்தத்துக்குள் எவ்வளவு குளுக்கோஸ் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, வந்தது உள்ளே போகிறதா என்பதுதான்.

கசப்பு இனிப்பை முறிக்குமா?

முறிக்காது. கசப்பு என்பது நாக்கு உணரும் சுவை. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸை அந்தச் சுவை போய்த் தொடுவதில்லை. கசக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் சர்க்கரையைக் குறைக்கும் என்றால், பால் சேர்க்காத கெட்டிக் காப்பியும் மருந்தாகியிருக்க வேண்டும்.

ஆனால் பாகற்காய்க்குள் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் கசப்பைத் தரும் மொமோர்டிசின் போன்ற பொருள்கள், சரன்டின் என்ற கலவை, இன்சுலினைப் போல் நடந்துகொள்ளும் பாலிபெப்டைட்-பி என்ற புரதம் என்று ஆய்வாளர்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். எலிகளிலும் ஆய்வுக்கூடத்திலும் இவை சர்க்கரையைக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் உண்டு. "பாகற்காயில் இன்சுலினே இருக்குது" என்று பரவும் செய்தி இந்தப் புரதத்தை வைத்துத்தான். 1981இல் இந்திய ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டார்கள், கறி வைத்துக் கொடுக்கவில்லை. புரதத்தை வாய்வழியாகச் சாப்பிட்டால் வயிறு அதைச் செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாகத் தராமல் ஊசியாகப் போடுவதற்கும் இதுதான் காரணம். ஆகவே பாகற்காய்ப் பொரியல் சாப்பிடுவது இன்சுலின் போட்டுக்கொள்வதற்குச் சமம் என்ற கணக்கு சரியாக வராது.

மனிதர்களிடம் செய்த சோதனைகளைப் பார்த்தால் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. 2007இல் பிலிப்பைன்ஸில் 40 பேரிடம் பாகற்காய் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் சொல்லும்படியான குறைவு எதுவும் இல்லை. 2011இல் தாய்லாந்தில் தினம் 2,000 மில்லிகிராம் பாகற்காய்த் தூள் கொடுத்தபோது நான்கு வாரத்தில் சர்க்கரையின் அளவீடு ஓரளவு குறைந்தது, ஆனால் 1,000 மில்லிகிராம் மெட்ஃபோர்மின் குறைத்த அளவுக்குக் குறையவில்லை. இப்படி வந்த சோதனைகளையெல்லாம் நம் மலேசிய ஆய்வாளர்களே திரட்டி 2012இல் அலசினார்கள். பாகற்காயை இரண்டாம் வகை நீரிழிவுக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு.

ஆக, ஏதோ கொஞ்சம் வேலை செய்யலாம், ஆனால் மாத்திரையின் இடத்தில் வைக்க முடியாது. பாகற்காய் சாப்பிடுகிறேன் என்று மருந்தை நிறுத்துவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய ஆபத்து. இந்த நாட்டில் டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அடிப்படைக் காரணம் நீரிழிவுதான்.

அப்படியென்றால் பாகற்காய் எதற்கு?

நல்ல காய் என்பதற்காகத்தான். 100 கிராம் பச்சைப் பாகற்காயில் மாவுச்சத்து 4 கிராமுக்கும் குறைவு, அதிலும் ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்து. வைட்டமின் சி 84 மில்லிகிராம். சக்தி வெறும் 17 கலோரி. அதே 100 கிராம் வெள்ளைச் சோற்றை எடுத்தால் மாவுச்சத்து சுமார் 28 கிராம். நார்ச்சத்து என்பது நம் குடல் செரிக்க முடியாத தாவரப் பகுதி. அது சோற்றோடு கலந்து வயிற்றில் நிற்கும்போது குளுக்கோஸ் ரத்தத்தில் சேரும் வேகம் தணிகிறது. லோரிகள் ஒரே நேரத்தில் வந்து மொய்க்காமல், இடைவெளி விட்டு வருகின்றன.

அதைவிட முக்கியமானது தட்டில் அது பிடிக்கும் இடம். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்கிறதே, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காயும் பழமும். அந்தப் பாதியில் பாகற்காய் நிறைந்து உட்கார்ந்தால் சோற்றுக்கு இடம் தானாகக் குறைகிறது. பலன் முக்கியமாக அங்கிருந்துதான் வருகிறது. ஒரு தட்டுச் சோற்றின் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு இரண்டு கரண்டி பாகற்காய் வைத்தால், சோறு வந்தபடியே வந்து சர்க்கரையையும் ஏற்றிவிடும். சாப்பிடும் வரிசையும் உதவுகிறது. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் மீன், கடைசியில் சோறு என்று போனால், அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை ஏறும் உயரம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிடும் நமக்கு இது கொஞ்சம் சிரமம்தான், ஆனால் முதல் நாலைந்து வாய் காயாக இருப்பது யாராலும் முடியும்.

பாகற்காய் சர்க்கரையைத் துரத்துவதில்லை, வரும் சர்க்கரையைக் குறைக்க இடம் கொடுக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அதை எப்படிச் சமைப்பது என்பதும் புரிந்துவிடும்.

அடுப்படியில் கெடுவது

கசப்பைப் போக்க நாம் செய்வதெல்லாம் பெரும்பாலும் காயின் நல்ல குணத்தைத்தான் குறைக்கிறது. வெல்லம்தான் முதல் ஆள். பாகற்காய்ப் புளிக்குழம்பில் கடைசியாக ஒரு கட்டி வெல்லம் போடுவது நம் வழக்கம். "வெல்லம் நல்லது, வெள்ளைச் சீனிதான் கெட்டது" என்று வேறு சொல்லிக்கொள்கிறோம். வெல்லமோ கூலா மெலாக்கா என்ற பனைவெல்லமோ, இரண்டிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். உடம்புக்குள் போய் அதுவும் குளுக்கோஸாகத்தான் வந்து நிற்கும். நாக்கு கசப்பை மறப்பதற்காக, எதைக் குறைக்கப் பார்க்கிறோமோ அதையே குழம்பில் கரைக்கிறோம்.

அடுத்தது எண்ணெய். வட்டமாக நறுக்கி, அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்தால் பிள்ளைகள்கூடச் சாப்பிடுவார்கள், உண்மைதான். ஆனால் காயிலிருக்கும் தண்ணீர் ஆவியாகப் போக, அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது, மேலே மாவு வேறு. எண்ணெய் நேராகச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் எடை கூடினால் இன்சுலின் எதிர்ப்பும் கூடும், ஆகவே அது சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்கிறது. விசேஷ நாளில் கொஞ்சம் சாப்பிடலாம், அதை நீரிழிவுச் சாப்பாடு என்று மட்டும் கணக்கில் எழுத வேண்டாம்.

உப்பு போட்டுப் பிசறி, அரைமணி நேரம் வைத்துப் பிழிவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதில் கசப்பு குறையும், கொஞ்சம் சத்தும் நீரோடு போகும். அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் நீரிழிவு உள்ள பலருக்கு ரத்த அழுத்தமும் இருக்கும், அவர்கள் பிழிந்த காயை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு, சமைக்கும்போது மறுபடி உப்பு போடாமல் இருந்தாலே போதும். கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டுவதை நான் விரும்புவதில்லை. வைட்டமின் சி நீரில் கரையும், சூட்டில் அழியும். காய் வேறு கூழாகிவிடும்.

எப்படிச் சமைக்கலாம்?

பசாரில் இரண்டு வகை கிடைக்கும். வெளிர்பச்சையில் நீளமாக, மேடுகள் மழுங்கலாக இருப்பது ஒன்று, இதுதான் அதிகம் வருவது. கரும்பச்சையில் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக, முள் கூராக இருப்பது இன்னொன்று, மலாய்க்காரர்கள் அதைப் 'பெரியா காத்தாக்' என்பார்கள். பழக்கமில்லாதவர்கள் நீளக்காயில் தொடங்குவது நல்லது. அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். நுனியில் மஞ்சள் தட்டியிருந்தால் பழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கரண்டியின் ஓரத்தால் வெள்ளைப் பஞ்சையும் விதையையும் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். பிறகு கவிழ்த்து வைத்து, பிறைபிறையாக, எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக நறுக்குங்கள். இந்த ஒரு வேலையில் கவனமாக இருந்தால் பாதிக் கசப்புப் புகாரே இருக்காது, ஏனென்றால் மெல்லிய துண்டில் உப்பும் புளிப்பும் உள்ளே வரை இறங்கும். கால் தேக்கரண்டி உப்பு பிசறிப் பத்து நிமிடம் வைத்து, அலசி, கையால் மெதுவாகப் பிழியுங்கள். நெத்திலி சேர்ப்பதாக இருந்தால் அதையும் வெந்நீரில் ஊறவைத்து அலசிவிடுங்கள், அதில் இருக்கும் உப்பே போதுமானது.

வடச்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. கடுகு வெடித்ததும் பெரிய வெங்காயம் ஒன்று, காய்ந்த மிளகாய் இரண்டு, நெத்திலி. வெங்காயம் ஓரத்தில் சிவக்கத் தொடங்கும்போது பாகற்காயைப் போட்டு, மூடாமல், பெரிய தீயில் கிளறுங்கள். மூடினால் வேர்த்துப்போய்க் குழையும். முதலில் காய் பளிச்சென்று பச்சையாகும், அப்புறம் விளிம்புகள் சுருண்டு அங்கங்கே பழுப்புப் பொட்டு விழும். அந்த நேரத்தில் ஒரு தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, இரண்டு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி இறக்கினால் தீர்ந்தது. வெல்லம் வேண்டியதில்லை. உப்பு கசப்பை அடக்கும், தக்காளியின் புளிப்பும் வெங்காயத்தின் லேசான இனிப்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். முட்டை சேர்ப்பது நம் ஊர்ச் சீனர் வீடுகளில் பார்த்துப் பழகியது, அது புரதத்தையும் கொடுத்துவிடுகிறது.

மீன்கடைக்காரர் விற்கும் மீன் விழுதை வாங்கி, வளையமாக வெட்டிய பாகற்காய்க்குள் திணித்து, பொரிக்காமல் ஆவியில் வேகவைத்துத் தெளிந்த சூப்பில் போடுவதும் அருமையாக இருக்கும். யோங் தாவ் ஃபூ கடையில் விற்பது அதுதான், சோற்றில்லாமல் அதையே ஒரு வேளைச் சாப்பாடாகச் சாப்பிடலாம், பக்கத்தில் இருக்கும் இனிப்புச் சாஸை மட்டும் தள்ளிவைத்துவிடுங்கள். சாம்பாரில் பருப்போடு போடுவதும் நல்ல வழி. தயிர்ப்பச்சடியும் செய்யலாம், வதக்கிய காயை ஆறவைத்து இனிப்பில்லாத தயிரில் கலந்தால் போதும். இவ்வளவும் செய்துவிட்டு, இனிப்புக் கிரிமர் ஊற்றிய தே தாரே தேநீரோடு முடித்தால் கணக்கு உதைக்கும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டுப் பழகுங்கள்.

சாறு, பொடி: யார் கவனமாக இருக்க வேண்டும்?

கறியாகச் சாப்பிடுவதில் பெரும்பாலானவர்களுக்குப் பயம் இல்லை. சாறும் பொடியும் வேறு கதை, ஏனென்றால் தட்டில் ஒருவேளைக்குச் சாப்பிட முடியாத அளவு காயை ஒரு கிளாஸில் குடித்துவிடலாம். கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் சாறு குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். இதைத் தாழ்சர்க்கரை என்போம், ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போவது. கை நடுங்கும், குளிர்ந்து வேர்க்கும், தலை சுற்றும், கவனிக்காவிட்டால் மயக்கமே வரும். அப்போது பாகற்காயையும் கொள்கையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கர்ப்பிணிகள் சாறு, பொடி, விதை மூன்றையும் தவிர்ப்பது நல்லது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், அதாவது சில பொருள்கள் பட்டால் சிவப்பணு உடையும் பிறவிக் குறை உள்ளவர்கள், விதையைச் சாப்பிடக் கூடாது, அதில் இருக்கும் வைசின் என்ற பொருள்தான் காரணம். மலேசியாவில் குழந்தை பிறந்ததுமே இதைச் சோதித்துவிடுகிறார்கள், ஆகவே பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பாகற்காய்ச் சாறோ கஷாயமோ கொடுக்கவே வேண்டாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு சாப்பிடலாம் என்று உணவியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பு என்ன சொல்கிறது?

வீட்டில் குளுக்கோமீட்டர், அதாவது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, இருந்தால் யார் பேச்சையும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வழக்கமான அளவுச் சோற்றோடு மதியம் சாப்பிடும் ஒரு நாளில், சாப்பிடுவதற்கு முன்னும் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிவையுங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில் அரைத் தட்டு பாகற்காயோடு, சோற்றைக் கால் தட்டாக்கிச் சாப்பிட்டு அதே மாதிரி பாருங்கள். பிறகு சோற்றைக் குறைக்காமல் பாகற்காயை மட்டும் சேர்த்து ஒரு நாள். மூன்று நாளும் மாத்திரை அதே மாத்திரை, அதே நேரம். ஒரே தடவையில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று முறை பார்த்தால், ஏற்றத்தைக் குறைத்தது காயா, குறைந்த சோறா என்று உங்கள் எண்ணே காட்டிக்கொடுக்கும். அந்தத் தாளை அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை முடிவோடு சேர்த்து மருத்துவர் அதைப் பார்க்கும்போது, மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பேச்சை அங்கே வைத்துப் பேசலாம்.